ஆகாதுங்க

பேரூற்று பம்ப்ஸ் கம்பெனியில் அந்த மாதம் சம்பளச் சீட்டோடு இன்னொரு சீட்டும் வந்தது. முதல் சீட்டில் சம்பளம் இருந்தது. இரண்டாவதில் அது ஏன் அவ்வளவுதான் என்பதற்கு விளக்கம் இருந்தது. இருபத்தாறு வருடமாக அங்கே சம்பளம் வாங்கும் சென்னியப்பனுக்கு விளக்கத்தோடு வாங்கிப் பழக்கமில்லை. கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு படித்தார்.

பொறுப்பு 91. பதற்றம் 22. கலகலப்பு 40. புதுமை நாட்டம் 35. இணக்கம் 97.

கீழே சின்ன எழுத்தில்: "இணக்கம் எண்பதைத் தாண்டியவர்கள் எதையும் ஏற்றுக்கொள்ளும் மென்மையான இயல்பினர். நிராகரிப்பு அதிகாரமுள்ள பணிகளுக்குப் பொருந்த மாட்டார்கள். வரும் ஒன்றாம் தேதி முதல் தாங்கள் வரவேற்புப் பிரிவில் விருந்தினர் உபசரிப்பு உதவியாளராக மாற்றப்படுகிறீர்கள். சம்பளம் மூன்றில் ஒரு பங்கு குறையும். மறுஅளவை கோருவோர் பத்து நாட்களுக்குள் விண்ணப்பிக்கவும்."

சென்னியப்பன் அந்தக் கம்பெனியின் கடைசிச் சோதனை மேடையில் நிற்பவர். தொட்டித் தண்ணீரில் பம்பை ஓடவிட்டு, ஒரு இரும்புக் கம்பியின் ஒரு முனையை அதன் வயிற்றிலும் மறுமுனையைத் தன் காதிலும் வைத்துக் கேட்பார். பேரிங் பழுதா, ஷாஃப்ட் கோணலா, இம்பெல்லர் உரசுகிறதா எல்லாம் அந்தக் கம்பி வழியாக அவரிடம் வந்து சேர்ந்துவிடும். பிடிக்கவில்லையென்றால் சிவப்புச் சாக்பீஸால் பெருக்கல் குறி. அந்தக் குறி விழுந்த பம்பை முதலாளியே வந்து கெஞ்சினாலும் வெளியே அனுப்ப முடியாது. முதலாளி இரண்டு முறை கெஞ்சியும் இருக்கிறார்.

இப்படிப்பட்ட ஆளை இனிமேல் வருகிறவர்களுக்கு எலுமிச்சை ஜூஸ் கொடுக்கச் சொல்கிறார்கள். அதைக்கூடப் பொறுத்துக்கொள்ளலாம். 'மென்மையான இயல்பினர்' என்பதைத்தான் அவரால் தாங்க முடியவில்லை.

வீட்டில் சீட்டைக் காட்டினார். மனைவி கோகிலவாணி படித்தாள். இரண்டாம் முறை படித்தாள். பிறகு சமையல் மேடையைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். விக்கல் எடுக்கும்வரை சிரித்தாள்.

"ஏனுங்க, இது வேற ஆரோட சீட்டுங்களா?"

"எம்பேருதான் போட்டிருக்குதுங்க."

"ஒரு தென்னமர நெழலு ஆரு பக்கம் உழுகுதுன்னு சண்ட கட்டி, பதனோரு வருசமாக் கூடப்பொறந்த அண்ணங்கூடப் பேசாத மனுசன் நீங்க. உங்களுக்கு எணக்கம் தொண்ணுத்தேழா?"

"அதையத்தானுங்க நானும் கேக்கறேன்."

"மிச்சம் மூணு எங்கிட்டக் காட்டறதுங்களா?" என்றவளுக்கு மறுபடி விக்கல் வந்தது.

எல்லாம் மூன்று மாதத்துக்கு முன்னால் ஆரம்பித்தது. முதலாளி மருதாசலத்துக்கு யாரோ ஒரு மாநாட்டில் டாக்டர் கீர்த்திவாசனை அறிமுகப்படுத்தியிருந்தார்கள். டாக்டர் என்றால் ஊசி போடும் டாக்டர் இல்லை. மனிதர்களின் குணத்துக்கும் கூலிக்கும் உள்ள உறவை ஆராய்ந்து பட்டம் வாங்கியவர். டெல்லியில் பிறந்து, வெளிநாட்டில் படித்து, தமிழை விமானத்திலிருந்து பார்த்த ஊரைப்போல அறிந்தவர். ஆலை முழுவதையும் கேன்டீனில் உட்காரவைத்து, கையில் ஒரு சட்டைப் பொத்தான் அளவுக் கருவியை உயர்த்திக் காட்டினார். கோயிலில் கற்பூரத் தட்டைக் காட்டுவது மாதிரி இருந்தது. ஒன்றிரண்டு பேர் தங்களையறியாமல் கண்ணில் ஒற்றிக்கொண்டார்கள்.

"இதுக்குப் பேர் குணக்கோல். சட்டையில மாட்டிக்கிட்டா நீங்க பேசுறதை நாள் முழுக்கக் கேட்கும். வார்த்தையைக் கேட்காது; மனசைக் கேட்கும். இணக்கமாப் பேசினா பச்சை விளக்கு. பிணக்கமாப் பேசினா சிவப்பு. உலகம் பூரா ஆராய்ச்சி பண்ணிட்டாங்க. பொறுப்பானவங்க அதிகம் சம்பாதிக்கிறாங்க. பதற்றப்படுறவங்க கம்மியா சம்பாதிக்கிறாங்க. இணக்கமானவங்க இன்னும் கம்மி. ஏன்னா அவங்களுக்குக் கேட்டு வாங்கத் தெரியாது."

சென்னியப்பன் கையைத் தூக்கினார். "அப்ப அவியளுக்குக் கொஞ்சம் சேத்திக் குடுத்துப்போடலாமுங்களே?"

பல் முளைக்காத குழந்தையைப் பார்த்துச் சிரிப்பதுபோல டாக்டர் சிரித்தார். "அப்படி இல்லை. அவங்களோட மார்க்கெட் விலையே அதுதான். பேரம் பேசி, வருத்தப்பட்டு, கடைசியில கம்மியா வாங்குறதுக்குப் பதில், முதல்லயே கம்மியா கொடுத்துட்டா ரெண்டு பேருக்கும் நேரம் மிச்சம்."

மழையில் நனைகிறவனுக்குச் சளி பிடிக்கிறது என்று கண்டுபிடித்துவிட்டு, சளி பிடித்தவனை மழையில் நிறுத்துவதற்கு இவ்வளவு படிப்பு தேவைப்பட்டிருக்கிறது. ஆனால் பெரிய திரையில் வண்ண வண்ணமாகப் படம் காட்டியதால் எல்லோரும் கை தட்டினார்கள்.

குணக்கோலை வாங்கியபோது முதலாளி ஒரு சிக்கனமும் செய்தார். அதே கருவி சோதனை மேடைத் தீர்ப்பையும் கேட்டு, கன்வேயர் பெல்ட்டைத் தானே திருப்பிவிடும் என்றார் டாக்டர். இரண்டு வேலைக்கும் சேர்த்து வாங்கினால் தள்ளுபடி. தள்ளுபடி என்ற சொல்லுக்கு எதிராக மருதாசலம் வாழ்நாளில் நின்றதில்லை. அன்றோடு சாக்பீஸ் போனது. சென்னியப்பன் கம்பியைக் காதில் வைத்துக் கேட்டு, வாயால் சொன்னால் போதும். பம்பு சுவருக்குப் பின்னால் போய், நல்லதாக இருந்தால் கிடங்குக்கும் கெட்டதாக இருந்தால் பழுதுக் கொட்டகைக்கும் தானே பிரிந்துகொள்ளும்.

அதற்குப் பிறகு ஆலையின் முகமே மாறிவிட்டது. இணக்கம் குறைந்தால் சம்பளம் ஏறும் என்று தெரிந்ததும், இருபது வருடம் தலை நிமிராமல் இருந்த ஸ்டோர் கீப்பர் கதவை உதைத்துத் திறக்க ஆரம்பித்தார். அலுவலக மேனேஜர் மாதக் கடைசி வாரத்தில் குணக்கோலுக்குப் பக்கத்தில் போனை வைத்துக்கொண்டு தன் மாமனாரைத் திட்டினார். மாமனாருக்கும் விஷயம் தெரியும், ஒத்துழைத்தார். காந்திபுரத்தில் 'முப்பது நாளில் முரடராகலாம்' என்று ஒரு பயிற்சி மையம் திறந்தது. மூன்றாம் நாளே மாணவர்கள் ஆசிரியரைப் பிடித்து வெளியே தள்ளிக் கதவைச் சாத்திவிட்டார்கள். பாடம் நன்றாகப் போயிருக்கிறது என்பதற்கு வேறு சான்று வேண்டியதில்லை.

இத்தனைக்கும் நடுவே முதலாளி 'குறையில்லாக் காலாண்டு' என்று மைசூர்பாகு கொடுத்தார். மூன்று மாதமாக ஒரு பம்புகூட நிராகரிக்கப்படவில்லையாம். தினம் நாலைந்து பம்புகளை 'ஆகாது' என்று தள்ளும் சென்னியப்பனுக்கு அது கொஞ்சம் உறுத்தியது. பழுது பார்த்துத் திரும்ப அனுப்பிவிட்டு எண்ணிக்கையில் காட்டாமல் விட்டிருப்பார்கள், முதலாளிமார் எண்ணிக்கை அப்படித்தான் என்று நினைத்துக்கொண்டு மைசூர்பாகைத் தின்றார். நன்றாகத்தான் இருந்தது.

சீட்டு வந்த மறுநாள் கேன்டீனில் டில்லிபாபு எதிரே வந்து உட்கார்ந்தான். பேக்கிங் பிரிவில் வேலை, வியாசர்பாடிக்காரன், கோயமுத்தூருக்கு வந்து நாலு வருடமாகிறது. ஆலை வாசலில் வண்டியில் அடிபட்ட நாய்க்குட்டிக்காக லீவு போட்டு அழுதவன். அவன் முகம் இன்றும் அப்படித்தான் இருந்தது.

"அண்ணாத்த, நா ஒண்ணு சொல்லுவேன். கோச்சிக்கக் கூடாது."

"சொல்லுங்க டில்லி."

"உன் எடத்துக்கு என்னியப் போட்டுட்டானுங்க. எனக்கு இணக்கம் பதினொண்ணாம். இந்த ஆலையிலேயே முரடன் நான்தானாம். டபுள் சம்பளம்." சொல்லும்போதே கண் கலங்கிவிட்டது. "எனக்கு இன்னா தெரியும் பம்பப் பத்தி? காதுல கம்பி வெச்சா கூச்சமா கீது. எவனும் எங்கிட்ட இப்ப பேச மாட்றான், பயப்படறான். எங்கம்மாவே போன்ல 'இன்னாடா ரவுடி ஆய்ட்டியாமே'ன்னு கேக்குது."

சென்னியப்பன் அவன் சட்டையைப் பார்த்தார். பேசி முடிக்கும்வரை அவன் குணக்கோல் சிவப்பாகவே எரிந்துகொண்டிருந்தது. தன் சட்டையைப் பார்த்தார். பச்சை. மூன்று மாதமாக மாட்டிக்கொண்டு திரிகிறார். பொருளை உற்றுக் கேட்கும் மனிதர், இதை ஒருநாளும் உற்றுப் பார்க்கவில்லை.

"டில்லி, என்னைய ஏதாச்சும் நல்ல வார்த்த சொல்லுங்க."

"நீ தங்கமான ஆளு நைனா. நீ நல்லா இருக்கணும்."

சிவப்பு.

சென்னியப்பன் தொண்டையைச் செருமிக்கொண்டார். "நீங்க ஒரு வடிகட்டுன முட்டாளுங்க. உங்க மூஞ்சியில முழிச்சா அன்னிக்கிச் சோறு கெடைக்காதுங்க."

பச்சை. பளிச்சென்று, திருவிழாவுக்குப் போட்ட மாதிரி.

இருவரும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள்.

"அந்த 'ங்க'தான் அண்ணாத்த!" டில்லிபாபு மேசையைத் தட்டினான். "கஸ்டமர் கேர்ல பேசுன பேச்ச எல்லாம் கேக்க வெச்சுதான் இதுக்குத் தமிழ் கத்துக்குடுத்தாங்களாம். மிசினு மாட்ட வந்த பையன் சொன்னான். அங்க 'ங்க' போடறவன் யாரு? திட்டு வாங்கறவன். போடாதவன் யாரு? திட்றவன். இது அத்தயே புட்ச்சிக்கிச்சு!"

சென்னியப்பன் தன் சட்டையிலிருந்த பச்சையை மறுபடி குனிந்து பார்த்தார். அவர் ஊரில் ஆடு மேய்க்கும்போதும் 'ங்க' உண்டு, அரிவாள் தூக்கும்போதும் 'ங்க' உண்டு. பதினோரு வருடத்துக்கு முன்னால் அண்ணனிடம் அவர் கடைசியாகச் சொன்ன வாக்கியமே "இனி உங்க வாசப்படி மிதிக்க மாட்டனுங்க" என்பதுதான்.

"மறுஅளவைக்கு எழுதிப் போடு. நா உனக்குச் சொல்லித்தரேன்," என்றான் டில்லிபாபு. "ஒரே வார்த்த. முடியாது. 'ங்க' இல்லாம. எங்க, சொல்லு?"

"முடியாது..." சென்னியப்பன் நிறுத்தினார். உதடு தானாகக் குவிந்தது. நெற்றியில் வேர்த்தது. "...ங்க."

"ஐய, வாய மூடு அண்ணாத்த, 'து'வோட மூடிடு!"

ஒரு வாரம் பயிற்சி நடந்தது. 'து'வோடு வாயை மூட, அவர் ஒரு கொட்டைப்பாக்கைக் கடைவாயில் வைத்துக்கொண்டார். வீட்டில் ஒத்திகை பார்த்ததில் ஒரு சங்கடம் நேர்ந்தது. "காப்பி கொண்டு வா" என்று அவர் சொன்னதும், கோகிலவாணி அடுப்பை அணைத்துவிட்டு எதிரே வந்து நின்றாள்.

"ஒடம்புக்கு ஏதாச்சும் பண்ணுதுங்களா? இல்ல, மனசுல ஏதாச்சும் வெச்சுட்டுப் பேசறீங்களா?"

கல்யாணமான இருபத்து மூன்று வருடத்தில் அவள் இவ்வளவு கவலைப்பட்டுப் பார்த்ததில்லை. அவர் பாக்கைத் துப்பிவிட்டு விளக்கினார். "அந்த மேடைய உட்டு எறங்குனா நான் ஆருங்க? ஒருத்தன் வந்து 'இது ஆகுமா'ன்னு கேக்கோணும், நான் கேட்டுப்போட்டுச் சொல்லோணும். அது போச்சுன்னா நான் வெறும் கம்பிங்க."

கோகிலவாணி அதற்குச் சிரிக்கவில்லை. பாக்கை எடுத்துக் கழுவி அவர் கையில் கொடுத்தாள். "நல்லாக் கடிச்சுப் புடிச்சுக்குங்க."

வெள்ளிக்கிழமை மதியம் மறுஅளவை. சோதனை மேடைக்கு முன்னால் நாலு நாற்காலி. டாக்டர் கீர்த்திவாசன் மடியில் ஒரு டேப்லெட். அறையில் யார் பேசினாலும் அளந்து காட்டும். பக்கத்தில் முதலாளி மருதாசலம், வெள்ளைச் சட்டையோடு. ஒன்றாம் தேதி பதவியேற்க வேண்டிய டில்லிபாபு ஓரமாக, தூக்குக்குப் போகிறவன்போல.

டாக்டர் கிடங்கிலிருந்து பெட்டி கட்டிய பம்பு ஒன்றைக் கொண்டுவரச் செய்து, பிரித்து மேடையில் வைத்தார்.

"இது சோதனை. இந்தப் பம்பு என் நண்பருக்கு அவசரமா வேணும். நீங்க ஓட்டிப் பார்க்காமலே ஆகும்னு சொல்லணும். உங்களால மறுக்க முடியுதான்னு பார்ப்போம்."

கடைவாயில் பாக்கு. டில்லிபாபுவின் உதடு 'து' என்று குவிந்து நின்றது. சென்னியப்பன் வாயைத் திறந்தார். ஆனால் ஓட்டிப் பார்க்காமல் ஒரு பம்பைப் பற்றி ஒரு சொல் சொல்வது அவர் பிறப்பிலேயே இல்லை. கை தானாகப் போய் ஸ்விட்சைப் போட்டது. கம்பி தானாகக் காதுக்கு வந்தது.

கர்ர்... கர்ர்... டிக். கர்ர்... கர்ர்... டிக்.

கம்பியை எடுத்தார். மறுபடி வைத்துக் கேட்டார். முகம் சிவந்தது. பாக்கைத் துப்பினார்.

"இது நான் பதனேழாந்தேதி ஆகாதுன்னு தள்ளுன பம்புங்க! மூணாவது சுத்துல ஒரு டிக்கு வரும், அதே டிக்குங்க! இது எப்படிங்க பொட்டிக்குள்ள போச்சு?"

டேப்லெட் பச்சையாக மின்னியது. "இணக்கம் தொண்ணூற்றெட்டு," என்றார் டாக்டர் வருத்தத்தோடு. "ஏத்துக்கிட்டார். நான் சொன்னேன்ல, மென்மையான மனிதர்."

டில்லிபாபு தலையில் கை வைத்தான். ஆனால் மருதாசலம் நாற்காலியில் முன்னுக்கு வந்தார்.

"ஒரு நிமிசமுங்க டாக்டர். பதனேழாந்தேதி இவர் என்ன சொன்னாருன்னு அதுல இருக்குங்களா? போடுங்க, கேக்கலாம்."

டாக்டர் தேடிப் போட்டார். சென்னியப்பனின் குரல் அறையில் கேட்டது: "இது ஆகவே ஆகாதுங்க. இதையப் போட்டாக் கெணத்துத் தண்ணி மேல வராதுங்க, நம்ம மானந்தான் கெணத்துக்குள்ள போகுமுங்க."

திரையில் எழுத்து வந்தது: முழு ஒப்புதல். கிடங்குக்கு அனுப்பப்பட்டது.

மருதாசலமும் 'ங்க' போட்டே திட்டும் அன்னூர்க்காரர். அவருக்கு யாரும் விளக்கிச் சொல்ல வேண்டியிருக்கவில்லை. கிடங்கில் நாலாயிரம் பம்பு பெட்டி கட்டி நிற்கிறது, செவ்வாய்க்கிழமை கப்பல். மூன்று மாதமாக ஆனது, ஆகாதது எல்லாம் ஒரே பச்சையில் ஒரே பெட்டிக்குள் போயிருக்கிறது. குறையில்லாக் காலாண்டு! மைசூர்பாகின் நெய் அவர் தொண்டையில் திரும்ப வந்தது.

ஆனால் குரல் உயரவில்லை. கையைக்கூட கூப்பினார்.

"டாக்டர், நீங்க நெம்பப் பெரிய படிப்புப் படிச்சவிங்க. ஒரு உபகாரம் பண்ணோணுமுங்க. இந்தப் பொத்தானையெல்லாம் ஒண்ணு உடாமக் கழட்டி எடுத்துக்குங்க. இனி இந்தத் திக்குல தல வெச்சுக்கூடப் படுக்காதீங்க. அது உங்களுக்கும் நல்லது, உங்க கையி காலுக்கும் நல்லதுங்க. காப்பி குடிச்சுட்டுக் கெளம்புங்க."

டேப்லெட் இதுவரை காணாத பச்சையைக் காட்டியது. டாக்டர் கீர்த்திவாசனுக்கு உடம்பு சிலிர்த்தது.

"தொண்ணூற்றொன்பது! சார், ஒரு முதலாளிகிட்ட நான் இதைப் பார்த்ததே இல்லை. அப்போ ஒப்பந்தத்தை இன்னும் ரெண்டு வருஷம் நீட்டிச்சுடலாமா?"

டில்லிபாபுவுக்குப் பாவமாகிவிட்டது. குனிந்து, தன்னால் முடிந்த அளவு மெதுவாகச் சொன்னான்: "சார், உன்ன கெளம்ப சொல்றாரு சார். சீக்கிரம் போய்டு, பத்திரமா போ."

சிவப்பு.

"இந்த ஆலையில பிரச்சினையே இவர் ஒருத்தர்தான்," என்று டாக்டர் குறித்துக்கொண்டார். காப்பி வந்தது. உட்கார்ந்து நிதானமாகக் குடித்தார்.

மருதாசலம் சென்னியப்பனைத் தனியே அழைத்துப்போனார். தனியே என்றால் தொட்டிக்கு அந்தப் பக்கம். டில்லிபாபு நாகரிகம் கருதி இரண்டடி தள்ளி நின்று கேட்டான். முதலாளி தன் சட்டைப் பையிலிருந்து ஒரு சிவப்புச் சாக்பீஸை எடுத்து நீட்டினார். மூன்று மாதமாக அதை ஏன் பையில் வைத்திருந்தார் என்று அவரும் சொல்லவில்லை, இவரும் கேட்கவில்லை.

"மேடை உங்களுதுதானுங்க. எப்பவும் உங்களுதுதான்."

சென்னியப்பன் சாக்பீஸை வாங்கிக்கொண்டார். விரலில் பட்டதும் கண்கூடக் கொஞ்சம் கலங்கியது. ஆனால் வாயில் பாக்கில்லை, கேட்டுவிட்டார்.

"நெம்பச் சந்தோசமுங்க. அந்தச் சம்பளத்தையும்... வெட்டாம, கொஞ்சம் சேத்தியே போட்டுக் குடுத்தீங்கன்னா..."

மருதாசலம் புன்னகைத்தார். "பார்க்கலாமுங்க."

டில்லிபாபு குதித்து ஓடி வந்தான். "அண்ணாத்த! பாக்கலாம்னுட்டாரு! சூப்பரு!"

"இல்லீங்க டில்லி," என்றார் சென்னியப்பன் தாழ்ந்த குரலில். "முடியாதுன்னுட்டாருங்க."

"இன்னாது? சிரிச்சுனேதான சொன்னாரு?"

"அதனாலதானுங்க சொல்றேன்."

முதலாளி இரண்டடி நடந்தவர், ஏதோ சில்லறை விஷயம் நினைவுக்கு வந்ததுபோலத் திரும்பினார். "ஏனுங்க சென்னியப்பன், செவ்வாக்கெழம கப்பலு. அந்த மிசினுல பேச்சுத்தான் இருக்குது, எந்தப் பொட்டின்னு இல்லீங்க. அந்த நாலாயிரத்துல எதெது உங்க 'ஆகாது'ன்னு உங்க காதுக்குத்தான் தெரியும். நாளைக்கும் ஞாயித்துக்கெழமையும் சித்தே வந்து கேட்டுச் சொல்லிப்போட்டீங்கன்னா வேல முடிஞ்சுது. வந்துருவீங்கல்ல?"

சென்னியப்பன் சாக்பீஸைக் காதுக்குப் பின்னால் செருகிக்கொண்டார். மேடையிலிருந்த டிக் பம்பை அன்போடு ஒரு தட்டுத் தட்டினார். பிறகு முதலாளியைப் பார்த்து, அவர் சிரித்த அதே அளவுக்கு, ஒரு மயிரிழை கூடாமல் குறையாமல் சிரித்தார்.

"பார்க்கலாமுங்க."

மருதாசலத்தின் முகத்திலிருந்த புன்னகை அப்படியே இருந்தது. அதற்குப் பின்னாலிருந்த ரத்தம் மட்டும் இறங்கிப் போனது. தொட்டியில் தண்ணீர் சலசலத்தது. நாலாயிரம் பெட்டிகள் சுவருக்கு அந்தப் பக்கம் வாய் பேசாமல் நின்றன.

"...வாங்க, உக்காந்து பேசலாமுங்க," என்றார் முதலாளி.

"பேசலாமுங்க," என்றார் சென்னியப்பன்.

அந்தப் பக்கம் டாக்டர் கீர்த்திவாசனின் டேப்லெட் பச்சை மேல் பச்சையாகக் கொட்டியது. இப்படி ஒரு சுமுகமான ஆலையை அவர் கண்டதில்லை. இன்னொரு காப்பி கிடைக்குமா என்று கேட்டார்.

"பார்க்கலாமுங்க," என்றது கேன்டீன் அம்மா.

அவர் காத்திருந்தார்.